ஸ்வெட்டருக்குள்ளே ஒரு தெர்மாமீட்டர்

மூன்றாம் வகுப்புப் பையனின் சயன்ஸ் நோட்டில் ரப்பரால் அழித்த தடத்தைப் பார்த்து யாராவது தூக்கம் கெடுவார்களா? நான் கெட்டேன்.

போன வருஷம் நவம்பர். நாங்கள் இருப்பது மிச்சிகனில். பள்ளிக்கூடத்தில் பேரன்ட் டீச்சர் கான்ஃபரன்ஸ், குடும்பத்துக்கு 15 நிமிடம். குட்டி நாற்காலியில் முழங்கால் மேஜையில் இடிக்க உட்கார்ந்துகொண்டு, டீச்சர் என் மகனின் கணக்கு வேகத்தைப் புகழ்வார் என்று காத்திருந்தேன். 16ஆம் வாய்ப்பாடு வரைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். டீச்சர் புகழ்ந்தார், நன்றாகவே புகழ்ந்தார். அப்புறம் அவனுடைய சயன்ஸ் நோட்டை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார்.

ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு பக்கம். பக்கத்துக்கு மூன்று கட்டம்: என்ன ஆகும் என்று நினைக்கிறேன், என்ன ஆனது, ஏன். ஆரஞ்சுப் பழத்தைத் தோலோடு தண்ணீரில் போட்டால் மிதக்கும், தோலை உரித்துப் போட்டால் மூழ்கும் என்று முதல் கட்டத்தில் சரியாக எழுதியிருந்தான். (தோலில் இருக்கிற காற்றுதான் மிதக்க வைக்கிறது. வீட்டில் செய்து பாருங்கள், பெரியவர்களுக்கே ஆச்சரியமாக இருக்கும்.) அடுத்த பக்கமும் சரி. அதற்கடுத்ததும் சரி. முதல் கட்டத்தில் ஒரு தப்புகூட இல்லை. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. டீச்சர் அந்தத் தாளை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். முதல் கட்டம் இருக்கிற இடம் மட்டும் மெலிந்து, பஞ்சு பஞ்சாக எழும்பியிருந்தது. எழுதி, அழித்து, மறுபடி எழுதிய இடம்.

"சோதனை முடியற வரைக்கும் இந்தக் கட்டத்தைக் காலியா வைக்கிறான். இல்லேன்னா லேசா எழுதிட்டு, ரிசல்ட் தெரிஞ்சதும் அழிச்சு மாத்திடறான்" என்றார். ஆங்கிலத்தில்தான் சொன்னார், என் மனசில் இப்படிப் பதிந்திருக்கிறது. குறையாகச் சொல்லவில்லை. "தப்பா நினைச்சாலும் பரவாயில்லைன்னு நான் பல தடவை சொல்லிட்டேன். வீட்டிலயும் கொஞ்சம் கவனிங்க."

காரில் திரும்பி வரும்போது எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜைதான் கண்முன் வந்தது. "ஏழெட்டு?" "ஐம்பத்தி நாலு." "தப்பு! ஐம்பத்தி ஆறு." அவன் வாயை மூடுவதற்குள் என் வாய் திறந்திருக்கும். அரை நொடிகூட விடமாட்டேன். எங்க அப்பா என்னிடம் அப்படித்தான், அவருடைய அப்பா அவரிடம் ஸ்கேலோடு. நான் ஸ்கேலை விட்டுவிட்டேன், அவசரத்தை விடவில்லை.

வாய்ப்பாடு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. வாய்ப்பாடு கைவசம் இல்லாத பிள்ளை பின்னத்தில் தடுக்கி விழும், அது நிஜம். இன்றைக்கும் எங்கள் வீட்டில் வாய்ப்பாடு உண்டு. ஆனால் விடை தெரிந்தால் மட்டும் வாயைத் திறக்கலாம் என்று ஒரு எட்டு வயதுப் பிள்ளைக்கு யார் சொல்லிக்கொடுத்தது? பள்ளிக்கூடம் இல்லை என்பது மட்டும் அன்றைக்கு எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

அந்தக் குளிர்காலம் முழுவதும் சமையலறையில் நாங்கள் செய்து பார்த்தவற்றில் சிலவற்றை இங்கே எழுதுகிறேன். 5 வயதிலிருந்து 10 வயது வரைக்கும் பொருந்தும். செலவு என்று பெரிதாக எதுவும் இல்லை.

ஒரு கப் பனி

டிசம்பரில் முதல் நல்ல பனி விழுந்தது. தூத்துக்குடியிலிருந்து என் மாமியார் வந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. பிள்ளைகளுக்கு ஆச்சி. பனியை அவர் வாழ்நாளில் முதல் முறையாகத் தொட்டுப் பார்த்தது அன்றைக்குத்தான்.

கண்ணாடி டம்ளர் ஒன்றில் ஒரு கப் பனியை அழுத்தாமல் நிரப்பினேன். உருகினால் எவ்வளவு தண்ணீர் வரும்? ஆளுக்கு ஒரு கலர் ரப்பர் பேண்ட். தண்ணீர் எதுவரை நிற்கும் என்று நினைக்கிறோமோ அங்கே மாட்ட வேண்டும். மாட்டிய பிறகு நகர்த்தக் கூடாது. இது ஒன்றுதான் விதி.

கிண்டர்கார்ட்டன் போகிற சின்னவள் யோசிக்கவே இல்லை, டம்ளரின் விளிம்பில் மாட்டினாள். என் கணவர் பாதியில். நான் மூன்றில் ஒரு பங்கில். அத்தை பனியை விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டு, "இது பஞ்சு மாதிரில்லா இருக்கு. ஒரு மடக்கு தண்ணி வந்தா பெருசு" என்று அடியிலேயே மாட்டிவிட்டார். மகன் மட்டும் ரப்பர் பேண்டை விரலில் சுற்றிக்கொண்டே நின்றான். "ஆன்சர் என்னம்மா?" தெரியாது என்றேன். ஹாலில் இருக்கிற ஸ்மார்ட் ஸ்பீக்கரிடம் கேட்டுக்கொண்டு வருகிறேன் என்று கிளம்பினான். பிடித்து நிறுத்தினோம். கடைசியில் என் ரப்பர் பேண்டுக்கு மேலேயே அவனுடையதையும் மாட்டினான். ஏன் அங்கே என்று கேட்டால், "அம்மா இன்ஜினியர்."

உருகி முடிய நேரமாகும், நடுவில் சாப்பாடு ஆகிவிட்டது. வந்து பார்த்தால் தண்ணீர் டம்ளரின் அடியில் கிடக்கிறது. அளக்கிற டேபிள் ஸ்பூனால் எடுத்தோம்: இரண்டு ஸ்பூன். ஒரு கப்புக்கு 16 டேபிள் ஸ்பூன். ஜெயித்தது ஆச்சி. அம்மா தோற்றதை மகன் நம்பமாட்டாமல் பார்த்தான். எனக்கு அந்தப் பார்வை கொஞ்சம் குத்தியது, ஆனால் அதற்காகத்தானே இதையெல்லாம் ஆரம்பித்தேன்.

பனி என்பது பெரும்பாலும் காற்று. 10 அங்குலப் பனிக்கு 1 அங்குலத் தண்ணீர் என்று வானிலைக்காரர்கள் தோராயமாக ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஈரப் பனி என்றால் தண்ணீர் கூடும், தூள் பனி என்றால் குறையும். இதையெல்லாம் நான் சொல்வதற்கு முன்பே மகன், "அமுக்கி வச்சா?" என்று கேட்டுவிட்டு வெளியே ஓடினான். அமுக்கிய பனி, மரத்தடிப் பனி, டிரைவ்வேயில் கார் ஏறிய அழுக்குப் பனி என்று அந்த வாரம் முழுவதும் ஜன்னலோரம் டம்ளர் வரிசையாக நின்றது.

இதில் எனக்குக் கிடைத்த எதிர்பாராத லாபம் ஒன்று. 16இல் 2 ஸ்பூன் என்றால் என்ன பின்னம் என்று மகன் தாளில் சுருக்கிக்கொண்டிருந்தபோது, அத்தை சாவகாசமாக "அரைக்கால்" என்றார். காலில் பாதி, அதாவது எட்டில் ஒரு பங்கு. அதில் பாதி, ஒரு ஸ்பூன்? "மாகாணி." வீசம் என்றும் சொல்வார்கள். அரை, கால், அரைக்கால், மாகாணி என்று ஒவ்வொன்றும் முந்தியதில் பாதி. அமெரிக்க அளவுக் கப்பும் எங்க ஆச்சியின் கணக்கும் இப்படி 16இல் வந்து கச்சிதமாகப் பொருந்தும் என்று நான் யோசித்ததே இல்லை. சின்னவள் இப்போது சாம்பார்ப் பொடி போடும்போது "மாகாணி போடட்டா?" என்கிறாள். எவ்வளவு என்று அவளுக்குக் கண்ணால் தெரியும்.

பனி விழாத ஊரில் இருக்கிறவர்களுக்கு இன்னொன்று. டம்ளரில் ஐஸ் கட்டி மிதக்கட்டும், தண்ணீரை விளிம்பு வரை தளும்பத் தளும்ப ஊற்றுங்கள். ஐஸ் உருகினால் தண்ணீர் வெளியே வழியுமா? சிங்கப்பூரோ துபாயோ சிட்னியோ, எங்கே வேண்டுமானாலும் செய்யலாம். விடையை நான் இங்கே எழுதப்போவதில்லை.

"அப்போ நான்தான் ஹீட்டரா?"

ஜனவரியில் செய்தது இது. இதற்கு மூன்று நாள் பிடித்தது.

கேள்வி எளிமையானது. ஸ்வெட்டருக்குள் ஒரு தெர்மாமீட்டரைச் சுருட்டி வைத்து, இன்னொன்றை வெறும் மேஜையில் வைத்தால், எது அதிக சூட்டைக் காட்டும்? சமையலுக்கு வாங்குகிற டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். பாதரசம் வைத்த பழைய கண்ணாடித் தெர்மாமீட்டர் இருந்தால் அதைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். இந்தத் தடவை ஊகங்களை ஃப்ரிட்ஜில் ஒட்டிய தாளில் மார்க்கரால் எழுதச் சொன்னேன். மார்க்கரை அழிக்க முடியாது, அதுதான் என் தந்திரம்.

மேஜையில் 68 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 20 செல்சியஸ். ஸ்வெட்டருக்குள் 90 என்று மகன் எழுதினான். ரொம்ப நேரம் யோசித்துத்தான், ஆனாலும் எழுதினான். சின்னவள் 100 என்றாள். அவளுக்குத் தெரிந்த பெரிய நம்பர் அது.

அரை மணி கழித்து ஸ்வெட்டருக்குள்ளும் 68.

மகன் முகம் சுருங்கிவிட்டது. கை தானாக மார்க்கர் எழுத்தைத் தேய்த்துப் பார்த்தது. பிறகு சொன்னான்: "அரை மணி பத்தாது. ராத்திரி முழுக்க வைக்கணும்." வைத்தோம். ராத்திரி ஹீட்டரைக் குறைத்துவிடுவோம், காலையில் மேஜையிலும் 65, ஸ்வெட்டரிலும் 65. "குளிர் காத்து உள்ள போயிடுச்சு. பையில போட்டு மூடணும்." ஜிப் பையில் போட்டு மூடினோம். அதற்கும் அசையவில்லை. "இந்த ஸ்வெட்டர் சரியில்ல. அப்பாவோட கம்பளிய எடு."

எனக்குத் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. என் கணவர் "டேய், ஸ்வெட்டர் சூடு குடுக்காதுடா, உன் உடம்போட..." என்று ஆரம்பிக்க, நான் மேஜைக்கடியில் அவர் காலை மிதித்தேன். அதற்கு ஒரு காரணம் இருந்தது. இந்தச் சோதனை என் சொந்தச் சரக்கு அல்ல. மாசசூசெட்ஸில் ஒரு நான்காம் வகுப்பில் இதைச் செய்ததைப் பற்றி ப்ரூஸ் வாட்சன், ரிச்சர்ட் கோனிசெக் என்ற இருவர் 1990இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஆசிரியர்கள் மத்தியில் பேர்பெற்ற கட்டுரை. அந்தப் பிள்ளைகளும் ஒன்பது குளிர்காலம் ஸ்வெட்டர் போட்டு வளர்ந்தவர்கள்; ஸ்வெட்டர் சூடு தரும் என்று அவர்கள் உடம்புக்கே தெரியும். தெர்மாமீட்டர் இல்லை என்று சொன்னதும் உடனே விட்டுவிடவில்லை. நேரம் போதாது, காற்று போய்விட்டது, மூடி வைக்கணும் என்று என் மகனைப் போலவே ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தார்கள். அந்த டீச்சரும் விடையைத் தூக்கிக் கொடுக்காமல் அவர்களை அவர்கள் போக்கில் விட்டிருக்கிறார்.

நாம் அதைப் பிடிவாதம் என்போம். உண்மையில் தான் நினைத்ததைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு பிள்ளை தானே புதிய சோதனையை யோசிக்கிறதென்றால், விஞ்ஞானம் என்று நாம் சொல்வதே அதுதானே.

மூன்றாம் நாள் சாயங்காலம் ஸ்கூல் விட்டு வந்தவன், போட்டிருந்த ஸ்வெட்டருக்குள்ளேயே தெர்மாமீட்டரை விட்டுக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தான். யாரும் சொல்லவில்லை. நம்பர் ஏறிக்கொண்டே போய் 90ஐத் தாண்டியது. கழற்றி வைத்தான், இறங்கியது. மறுபடி போட்டான், ஏறியது. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அம்மா, அப்போ நான்தான் ஹீட்டரா?"

அவனுக்கு நான் வாங்கிக் கொடுத்த பயிற்சிப் புத்தகங்கள் எதிலும் இந்தக் கேள்வி வந்ததில்லை.

சாக்ஸுக்குள் ஐஸ்

அடுத்தது அதன் தொடர்ச்சி. ஒரே அளவு ஐஸ் கட்டி இரண்டு, தனித்தனி ஜிப் பையில். ஒன்றைத் தட்டில் வையுங்கள். இன்னொன்றைக் கம்பளி சாக்ஸ் இரண்டுக்குள் திணித்து அதே மேஜையில் வையுங்கள். எது முதலில் உருகும்?

சாக்ஸில் இருப்பதுதான், அது கதகதப்பு என்றாள் சின்னவள். அத்தை வாயைத் திறந்தார்: "மீன் மார்க்கெட்டுல ஐஸ் பாளத்த மரத்தூளுல போட்டு சாக்கால மூடி வச்சிருப்பானுவல்லா எய்யா..." அத்தை, ப்ளீஸ் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். சிரித்துக்கொண்டு நிறுத்திவிட்டார்.

மகன் இந்த முறை எழுதியதை அப்படியே சொல்கிறேன்: "ரெண்டும் ஒரே நேரம். ஏன்னா ஐஸ் ஹீட்டர் இல்ல. உள்ள ஹீட்டர் இல்லேன்னா சாக்ஸ் ஒண்ணும் பண்ணாது."

தப்பு. ஒன்றரை மணி நேரத்தில் தட்டில் இருந்தது ஏறக்குறைய தண்ணீராகிவிட்டது, சாக்ஸுக்குள் இருந்ததில் பாதிக்கு மேல் கட்டியாகவே இருந்தது. ஆனால் அந்தத் தப்பைப் பாருங்கள்! மூன்று நாள் ஆராய்ச்சியில் கண்டுபிடித்ததை எடுத்து அடுத்த இடத்தில் போட்டுப் பார்த்திருக்கிறான். ஹீட்டர் வெளியே இருக்கிறது, அறைதான் ஹீட்டர், சாக்ஸ் அந்தச் சூட்டை உள்ளே விடாமல் தடுக்கிறது என்பதுதான் மிச்சம். அதைக் கண்டுபிடிக்க அவனுக்குப் பத்து நிமிடம் ஆனது. அந்தத் தாளை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். அவன் வாங்கிய நூற்றுக்கு நூறுகளை வைத்திருக்கவில்லை.

அப்புறம்தான் ஐஸ் ஹவுஸ் கதையைச் சொன்னேன். சென்னை மெரினாவில் இன்றைக்கு விவேகானந்தர் இல்லம் என்று இருக்கிற வட்டமான கட்டடம், 1842இல் ஐஸ் சேர்த்து வைக்கக் கட்டியது. அந்த ஐஸ் எங்கிருந்து வந்தது தெரியுமா? அமெரிக்காவிலிருந்து. பாஸ்டன் வியாபாரி ஃப்ரெடெரிக் டியூடர், குளிர்காலத்தில் மாசசூசெட்ஸ் குளங்கள் உறைந்ததும் பனிக்கட்டியைப் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூள் போட்டுக் கப்பலில் அனுப்பினார். 1833இல் கல்கத்தாவுக்குப் போன முதல் கப்பலில் ஏற்றியது சுமார் 180 டன். நாலு மாதம் கடலில், வெயில் கொளுத்துகிற பகுதியையெல்லாம் தாண்டிப் போயும் ஏறக்குறைய 100 டன் ஐஸாகவே போய்ச் சேர்ந்தது. தோரோ 1854இல் எழுதிய 'வால்டன்' புத்தகத்தில், தன் குளத்து ஐஸ் மெட்ராஸ்காரர்கள் வரைக்கும் போவதைப் பற்றி எழுதியிருக்கிறார். பிற்பாடு ஐஸை இங்கேயே இயந்திரத்தில் செய்ய ஆரம்பித்ததும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. பெயர் மட்டும் போகவில்லை, சென்னையில் இன்றைக்கும் ஐஸ் ஹவுஸ் என்றால்தான் ஆட்டோக்காரருக்குப் புரியும்.

"மரத்தூள்தான் ஐஸுக்கு ஸ்வெட்டர்" என்றான் மகன். 180இல் 80 போய்விட்டது என்றால் பாதிக்கு மேல் மிச்சமா, கீழேயா என்று கணக்கும் போட்டான். "அதத்தான நானும் சொல்ல வந்தேன், ஒங்க அம்மதான் விடல" என்றார் அத்தை.

இதையே இன்னும் கொஞ்சம் நீட்டலாம். இரும்பு தோசைக்கல், காய் நறுக்குகிற மரப் பலகை இரண்டும் ராத்திரி முழுக்க ஒரே இடத்தில் இருக்கட்டும். காலையில் தொட்டுப் பார்த்தால் தோசைக்கல் சில்லென்று இருக்கும். சில்லென்று இருக்கிற கல்லில் ஐஸ் அதிக நேரம் தாங்குமா, பலகையிலா? ஐந்தே நிமிடத்தில் தெரிந்துவிடும். பெரியவர்களே பந்தயம் கட்டித் தோற்கிற இடம்.

ஒரு மொழி விஷயமும் சொல்ல வேண்டும். அத்தை ஐஸ் "கரையும்" என்பார், நான் "உருகும்" என்பேன். மகன் பிடித்துக்கொண்டான்: உப்பும் கரையும், ஐஸும் கரையுமா, ரெண்டும் ஒண்ணா? ஆங்கிலத்தில் இரண்டுக்கும் தனித்தனி வார்த்தை இருப்பது அவனுக்குத் தெரியும். உப்பு தண்ணீருக்குள் போய்க் கலந்துவிடுகிறது, ஐஸ் தானே தண்ணீராகிறது என்று பேசிப் பேசி, எழுதும்போது உப்பு கரையும், ஐஸ் உருகும் என்று முடிவு செய்தோம். மிதக்கும், மூழ்கும், வழியும், உறையும் எல்லாம் அவன் நாக்கில் உட்கார்ந்தது இந்த மேஜையில்தான். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் இந்த வார்த்தைகளை எழுதிப் போட்டால் படிப்பான், ஆனால் வீட்டில் பேசமாட்டான். ஐஸ் கண்ணெதிரே உருகும்போது பேசாமல் இருக்க முடியவில்லை.

இரண்டு தாள், ஒரு பை பொரி

பிப்ரவரியில் பள்ளியில் ஃபேமிலி மேத் நைட். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்து கணக்கு விளையாடுகிற சாயங்காலம். பெர்க்லியில் இருக்கிற லாரன்ஸ் ஹால் ஆஃப் சயன்ஸ் 1986இல் வெளியிட்ட 'ஃபேமிலி மேத்' என்ற புத்தகம் இந்த மாதிரி நிகழ்ச்சிகள் பரவ ஒரு பெரிய காரணம். உங்கள் பள்ளியில் இது நடந்தால் வாலன்டியராகப் பெயர் கொடுங்கள். பீட்சா சுமாராகத்தான் இருக்கும், அதைப் பார்க்காதீர்கள்.

எனக்குக் கொடுத்த மேஜையில் ஒரே அளவுத் தாள் இரண்டு. ஒன்றை நெட்டையான குழாயாகச் சுருட்டி ஒட்ட வேண்டும், இன்னொன்றைக் குட்டையான குழாயாக. எதில் அதிகம் பிடிக்கும்? நிரப்புவதற்கு நான் இந்தியன் கடைப் பொரி கொண்டுபோயிருந்தேன்.

முதல் நாள் ராத்திரி வீட்டில் ஒத்திகை. ஒரே தாள்தானே, இரண்டிலும் ஒரே அளவுதான் பிடிக்கும் என்று நான் எழுதினேன். இன்ஜினியரிங் படித்து, 15 வருஷம் வேலை பார்த்தவள், யோசிக்காமல் எழுதிவிட்டேன். மகன் என் தாளைப் பார்த்தான், தன் தாளைப் பார்த்தான். மாற்றவில்லை. "குட்டைதான்" என்று எழுதியிருந்தான்.

குட்டைக் குழாயைத் தட்டில் நிறுத்தி, அதற்குள் நெட்டையை நிறுத்தி, நெட்டையில் பொரியை நிரப்பி, நெட்டையை மெதுவாக மேலே உருவினோம். பொரி சரிந்து பரவியது. குட்டையில் மேலே இன்னும் இடம் காலி. அமெரிக்க லெட்டர் தாளில் குட்டைக் குழாய் ஏறக்குறைய 30 சதவீதம் அதிகம் பிடிக்கும். மற்ற நாடுகளில் இருக்கிற ஏ4 தாளில் வித்தியாசம் இன்னும் அதிகம், 40 சதவீதத்துக்கு மேல்.

ஏன் என்று கேட்டால் சூத்திரத்துக்குப் போகாதீர்கள். இரண்டு குழாயையும் ஒரு சென்டிமீட்டர் கட்டத்தாளில் நிறுத்தி, அடியைச் சுற்றி வரைந்து, உள்ளே எத்தனை கட்டம் என்று எண்ணச் சொல்லுங்கள். லெட்டர் தாள் என்றால் நெட்டைக்கு 37 சுமார், குட்டைக்கு 62 சுமார். ஒட்டுவதற்கு விளிம்பை மடித்திருந்தால் இரண்டும் கொஞ்சம் குறையும். உயரத்தில் கால் பங்குகூடப் போகவில்லை, ஆனால் தரை அவ்வளவு பெரிதாகிவிட்டது. மூன்றாம் வகுப்புக்கு இது போதும். மிச்சம் ஆறேழு வருஷம் கழித்து தானாக வரும்.

மறுநாள் பள்ளியில் எங்கள் மேஜைக்கு வந்த அப்பாக்களில் பாதிப்பேர், "ஆன்சர் என்ன?" என்றுதான் முதலில் கேட்டார்கள். "முதல்ல கெஸ் பண்ணுங்க அங்கிள். பேர் எழுதிட்டுத்தான் பொரி" என்று மகன் மார்க்கரை நீட்டினான். ஒரு பெரியவர் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "நான் சும்மா பார்க்கிறேன்" என்று நகர்ந்துவிட்டார்.

இந்த மாதிரி இன்னும் வேண்டுமென்றால் அர்விந்த் குப்தாவின் இணையதளத்துக்குப் போங்கள். ஐஐடி கான்பூரில் படித்தவர். தீக்குச்சி, சைக்கிள் வால்வ் ட்யூப், ஸ்ட்ரா, பழைய பாட்டில் என்று குப்பையிலிருந்து அறிவியல் பொம்மை செய்வதிலேயே வாழ்நாளைக் கழித்தவர். 2018இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். எல்லாம் இலவசம், தமிழிலும் புத்தகங்கள் இருக்கின்றன. நாற்பது டாலருக்கு விற்கிற சயன்ஸ் கிட்களை நானும் வாங்கியிருக்கிறேன். பெட்டியின் மேலேயே முடிவைப் படம் போட்டுவிடுகிறார்கள். பிள்ளைக்கு ஊகிக்க என்ன மிச்சம்?

என்னைக் கேட்டால், கஷ்டமான வேலை சாமான் சேர்ப்பது இல்லை, வாயை மூடிக்கொண்டிருப்பதுதான். "ஏன்?" என்று உடனே கேட்டாலும் என் மகன் மூடிக்கொள்கிறான், பரீட்சை மாதிரி இருக்கிறதாம். "என்ன பார்த்தே?" என்று கேட்டால் பேசுகிறான், ஏன் என்பது பின்னாலேயே வந்துவிடுகிறது. அவன் தப்பாகச் சொல்லும்போது மனசுக்குள் இருபது வரைக்கும் எண்ணுகிறேன். பல நாள் ஏழிலேயே உடைந்துவிடும்.

மார்ச் கான்ஃபரன்ஸில் அதே குட்டி நாற்காலி. நோட்டைத் திருப்பிக் காட்டினார் டீச்சர். முதல் கட்டம் சில பக்கங்களில் இன்னும் காலிதான். ஆனால் நாலு பக்கத்தில் தப்பான ஊகம் அழிக்காமல் இருந்தது. ஒன்றின் கீழே 'ஏன்னா' என்று ஆரம்பித்து மூன்று வரி.

ஏப்ரலில் அத்தை ஊருக்குப் போய்விட்டார். போன ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் வந்தார். தூத்துக்குடியில் 38 டிகிரி வெயிலாம். போனைத் திருப்பிக் காட்டினார்: திண்ணையில் ஒரு கிண்ணத்தில் ஐஸ், உள்ளே டேபிள் ஃபேனுக்கு நேராக இன்னொரு கிண்ணத்தில் ஐஸ். இல்லை, இது சரியில்லை, ரெண்டும் ஒரே இடத்தில் இருக்கணும் ஆச்சி என்று மகன் சண்டை போட்டான். அவரும் எழுந்துபோய் இரண்டையும் ஒரே அறையில், ஒன்றை ஃபேன் காற்றிலும் ஒன்றைக் காற்றுப் படாத மூலையிலும் வைத்துவிட்டு வந்தார்.

"எது மொதல்ல உருகும், சொல்லுய்யா."

"இருங்க ஆச்சி, யோசிக்கிறேன்." யோசித்தான். "ஃபேன்ல இருக்கிறது மெதுவாத்தான் உருகும். ஃபேன் குளிர்ச்சியாத்தானே இருக்கும்?"

அத்தை ஒன்றும் சொல்லவில்லை. திரையில் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். நான் எண்ண ஆரம்பித்தேன்.